தானியேலின் மிருகங்கள், ஜரதுஷ்டிரரின் மரம்: பழங்கால உலகமுடிவு நூல்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உலக முடிவைப் பற்றிய பழைய நூல்களைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பைபிளின் கடைசிப் புத்தகத்தில்தான் கை வைப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் மனித முகமும் சிங்கப் பல்லும் கொண்ட வெட்டுக்கிளிகள் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். அந்தப் புத்தகம் ஒரு நீண்ட பேச்சின் கடைசிப் பகுதி என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அதற்கு முன் முந்நூறு ஆண்டுக்கு மேலாக யூதர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள், பக்கத்திலிருந்த பாரசீகர்கள் என்ன நம்பினார்கள், இதையெல்லாம் கேட்டு கிரேக்கர்களும் ரோமர்களும் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் வெட்டுக்கிளிகூடப் பயமுறுத்தாது. அந்த வரிசையில் உங்களை அழைத்துப் போகத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நூல்களில் பெரும்பாலானவை அடுத்தவன் ஆட்சிக்குக் கீழே நசுங்கிக் கிடந்த மக்கள் எழுதியவை. 'இன்னும் எவ்வளவு காலம்?' என்பதுதான் அவர்களுடைய கேள்வி. தானியேல் 8லும் 12லும் அது வருகிறது. எஸ்றாவின் பெயரில் உள்ள நூலில் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 6லும் வருகிறது. படிக்கும்போது இந்தக் கேள்வி வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மிருகம், கொம்பு, எண் எல்லாம் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்கள்.

கையில் என்ன வேண்டும்

தொடங்குவதற்கு ஒரு தமிழ் பைபிள் போதும். கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் திருவிவிலியமாக இருந்தால் நல்லது. மக்கபேயர் நூல்களும் தோபித்தும் அதில் சேர்ந்தே இருக்கும், இரண்டும் நமக்கு வேண்டும். அப்புறம் ஒரு நோட்டு. அதன் முதல் பக்கத்தில் ஆறு வருடங்களைப் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். கி.மு. 586ல் பாபிலோனியர்கள் எருசலேமை இடித்தார்கள். 539ல் பாரசீக அரசர் கோரேசு பாபிலோனைப் பிடித்தார். 332ல் அலெக்சாண்டர் அந்தப் பக்கம் வந்தார். 167ல் சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசர் நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினார். 63ல் ரோமத் தளபதி பாம்பே ஆலயத்துக்குள் நுழைந்தார். கி.பி. 70ல் டைட்டஸ் அந்த ஆலயத்தை எரித்தார். எந்த நூலை எடுத்தாலும் இந்த ஆறில் எதன் வலி அதில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

'அபொகலிப்சிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் திரையை விலக்கிக் காட்டுதல் என்று பொருள். அழிவு என்ற அர்த்தம் பின்னால் ஒட்டிக்கொண்டது. தமிழ் பைபிளில் 'வெளிப்படுத்தின' என்று போட்டிருப்பது மிகச் சரி. ஆமோஸ், எரேமியா போன்ற பழைய தீர்க்கதரிசிகள் தெருவில் நின்று மக்களை நேரடியாகத் திட்டினார்கள்: திருந்துங்கள், இல்லையென்றால் கெடுவீர்கள். வெளிப்பாட்டு நூல் அப்படிப் பேசாது. ஒருவர் கனவோ காட்சியோ காண்பார், அவருக்குப் புரியாது, ஒரு தூதர் வந்து விளக்குவார். காலம் ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டிருக்கும்.

முதலில் தானியேல் 2, அப்புறம் 7

இரண்டையும் ஒரே நாளில், ஒரே அமர்வில் படியுங்கள். இரண்டாம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் ஒரு சிலையைக் கனவு காண்கிறான். தலை பொன், மார்பும் கைகளும் வெள்ளி, வயிறும் தொடைகளும் வெண்கலம், கால்கள் இரும்பு, பாதங்கள் இரும்பும் களிமண்ணும் கலந்தவை. கைகளால் பெயர்க்கப்படாத ஒரு கல் வந்து பாதத்தில் மோதுகிறது, சிலை தூளாகிறது, கல் மலையாக வளர்ந்து பூமியை நிரப்புகிறது. ஏழாம் அதிகாரத்தில் அதே கதை மிருகங்களாக வருகிறது: கழுகுச் சிறகுள்ள சிங்கம், பல்லிடுக்கில் மூன்று விலா எலும்பைக் கவ்விய கரடி, நான்கு தலைச் சிறுத்தை, இரும்புப் பல்லும் பத்துக் கொம்பும் கொண்ட பெயரில்லாத மிருகம். பத்துக் கொம்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் கொம்பு முளைக்கிறது. அதற்கு மனிதக் கண்கள், பெருமை பேசும் வாய்.

நோட்டில் இரண்டு பத்தி போட்டு உலோகத்தையும் மிருகத்தையும் எதிரெதிரே எழுதுங்கள். பக்கத்தில் அரசுகளின் பெயர்: பாபிலோன், மேதியா, பாரசீகம், கிரேக்கம். எழுதி முடித்ததும் இரண்டாவது பெயர் உறுத்த வேண்டும். மேதியர்கள் யூதேயாவை ஒருநாளும் ஆண்டதில்லை. பாபிலோனைப் பிடித்ததும் அவர்கள் இல்லை, கோரேசுதான். ஆனால் தானியேல் நூல் நடுவில் 'மேதியனாகிய தரியு' என்று ஒருவரைக் கொண்டுவருகிறது. வரலாற்றில் அப்படி ஒரு அரசர் அகப்படவில்லை. அப்படியானால் மேதியா எதற்கு?

அசீரியா, மேதியா, பாரசீகம் என்பது பாரசீகர்களின் பார்வையில் இயல்பான வரிசை. அவர்களுக்கு மேதியர்தான் நேர் முன்னோடிகள். கிரேக்க வரலாற்றாசிரியர்களும் இந்த வரிசையைத்தான் சொன்னார்கள். பிறகு மாசிடோனியாவைச் சேர்த்து நான்காக்கினார்கள், ரோமர்கள் ஐந்தாவதாகத் தங்களை வைத்துக்கொண்டார்கள். யூத ஆசிரியர் அசீரியா இருந்த இடத்தில் தன் ஊரை இடித்த பாபிலோனைப் போட்டார், மற்றதை அப்படியே விட்டார். ஒரே ஏணி எத்தனையோ கைகள் மாறியிருக்கிறது. ரோமர்களுக்கு அந்த ஏணியின் உச்சி தங்கள் பேரரசு, யூதர்களுக்கு அதற்கும் மேலே ஒரு கல் இருந்தது.

மொழியையும் கொஞ்சம் கவனியுங்கள். தானியேல் எபிரேயத்தில் தொடங்கி, 2ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்தின் பாதியிலேயே அரமேயத்துக்கு மாறி, 7ஆம் அதிகாரம் வரை அதிலேயே ஓடி, மறுபடி எபிரேயத்துக்குத் திரும்புகிறது. தமிழில் 'மறைபொருள்' என்று வருமிடத்தில் மூலத்தில் இருப்பது 'ராஸ்' என்ற பாரசீகச் சொல். இந்திப் பாட்டுகளில் இரகசியம் என்ற அர்த்தத்தில் கேட்போமே, அதே சொல்தான்.

ஆரூடம் தவறும் இடத்தைத் தேடுங்கள்

இதுதான் எல்லாப் படிகளிலும் முக்கியமானது. தானியேல் 11ஐ எடுத்துக்கொண்டு மெதுவாக, வசனம் வசனமாகப் போங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தென்திசை ராஜா, வடதிசை ராஜா என்று சலிப்பூட்டும் சண்டை. தெற்கு என்பது எகிப்தை ஆண்ட தாலமிகள், வடக்கு என்பது சிரியாவை ஆண்ட செலூக்கியர்கள் என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு வசனமும் ஒரு செய்தித்தாள் வரி போல ஆகிவிடும்.

3ஆம் வசனத்தின் பராக்கிரமமுள்ள ராஜா அலெக்சாண்டர். 6ல் தெற்கின் மகள் வடக்குக்கு வருகிறாள். அவள் இரண்டாம் தாலமியின் மகள் பெரெனிகே. செலூக்கிய அரசருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், கடைசியில் கொல்லப்பட்டாள். 7ல் பழிவாங்க வருகிறவன் அவள் சகோதரன் மூன்றாம் தாலமி. 11ல் வருவது கி.மு. 217ல் ராபியாவில் நடந்த போர். 18ல் ஒரு தளபதி வடக்கு அரசனின் ஆணவத்தை அடக்குகிறான். அது மக்னீசியாவில் ரோமர்கள் மூன்றாம் அந்தியோக்கைத் தோற்கடித்தது. 21ல் வரும் அவமதிக்கப்பட்டவன்தான் நான்காம் அந்தியோக்கு, ஏழாம் அதிகாரத்தின் சின்னக் கொம்பு. 30ல் கித்தீமின் கப்பல்கள், அதாவது ரோமர்கள், வருகின்றன. கி.மு. 168ல் அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் ரோமத் தூதர் பொபிலியஸ் லேனாஸ் அந்தியோக்கைச் சுற்றி மணலில் கைத்தடியால் ஒரு வட்டம் போட்டு, 'இந்த வட்டத்தை விட்டு வெளியே வருமுன் பதில் சொல்' என்று நிறுத்தினார். எகிப்தை விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தத் தோல்விக்குப் பிந்தைய மாதங்களில்தான் எருசலேம்மேல் அவன் கை விழுந்தது. 31ஆம் வசனத்தில் வரும் பாழாக்கும் அருவருப்பு, ஆலயத்தை அவன் தீட்டுப்படுத்தியது.

இதுவரை எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. 40ஆம் வசனத்திலிருந்து பொருந்தவில்லை. அந்தியோக்கு மறுபடி எகிப்தைப் பிடிப்பான், கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரம் போட்டு அங்கேயே முடிவான் என்கிறது நூல். அவன் கி.மு. 164ன் பிற்பகுதியில் செத்தது பாரசீகத்தில். ஆக, எழுதிய கை 167க்குப் பிறகும் 164ன் முடிவுக்கு முன்பும் இருந்த ஒருவருடையது. 40ஆம் வசனத்துக்கு மேலே உள்ளது நடந்து முடிந்த கதை, கீழே உள்ளது அவருடைய நம்பிக்கை. அந்தக் கோட்டை நானே பென்சிலால் போட்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. ஏமாந்தது போலத் தோன்றவில்லை. ஆலயம் தீட்டுப்பட்டுக் கிடக்க, தோழர்கள் செத்துக்கொண்டிருக்க, முடிவு தெரியாமல் எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருந்தது. 1 மக்கபேயர் முதல் நான்கு அதிகாரங்களை உடனே படித்தீர்களானால் அவர் நின்ற தெருவும் தெரியும்.

இந்தக் கணக்கை முதலில் எழுத்தில் போட்டவர் மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவவாதி போர்ஃபிரி. கிறிஸ்தவர்களை எதிர்த்து அவர் எழுதிய நூலை எரித்துவிட்டார்கள். தானியேலைப் பற்றி அவர் சொன்னதை மறுப்பதற்காகக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் தன் உரையில் எடுத்துப் போட்டதால் நமக்குக் கிடைத்தது. குண்டலகேசியின் வாதத்தை நீலகேசியிலிருந்து தெரிந்துகொள்கிறோமே, அதுபோல.

12ஆம் அதிகாரத்தின் கடைசியில் 1,290 நாள் என்று ஒரு கணக்கு. அடுத்த வசனத்திலேயே 1,335 நாள். 8ஆம் அதிகாரத்தில் வேறொன்று. முதலில் சொன்ன நாள் கடந்துபோனதால் அடுத்ததைச் சேர்த்திருப்பார்கள் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் தூளில் உறங்குகிறவர்களில் அநேகர் விழிப்பார்கள், சிலர் நித்திய வாழ்வுக்கு, சிலர் நித்திய இகழ்ச்சிக்கு. எபிரேய பைபிளில் செத்தவர் எழுவதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் இடம் இதுதான். நல்லவர்கள் வேதத்துக்காகவே கொல்லப்பட்டபோது, கணக்கு இந்த உலகத்தோடு முடிந்தால் நியாயம் எங்கே என்ற கேள்விக்கு வந்த பதில் அது.

ஏன் பழைய பெயரில் எழுதினார்கள்

தானியேல், ஏனோக்கு, எஸ்றா, பாரூக்கு எல்லோரும் நூல் எழுதப்பட்ட காலத்துக்கு வெகு முன்பு வாழ்ந்ததாகச் சொல்லப்படுகிறவர்கள். இதைப் பொய் என்று தள்ளிவிட்டால் நூல் கையைவிட்டுப் போய்விடும். பழைய பெரியவரின் வாயால் பேசினால் நடந்து முடிந்ததும் திட்டமிட்டதாகத் தெரியும், நடக்கப்போவதிலும் நம்பிக்கை வரும். அதோடு, ஆளும் அரசின் கண்ணுக்குத் தப்பவும் செய்யலாம். ஏனோக்கின் நூலை முழுதாகக் காப்பாற்றியவர்கள் எத்தியோப்பியர்கள், கீஸ் மொழியில். அதன் அரமேயத் துண்டுகள் சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்த பிறகு, சில பகுதிகள் தானியேலுக்கும் முந்தியவை என்று உறுதியானது.

பாரசீகப் பக்கம்: தலைகீழாகப் படியுங்கள்

இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ஜரதுஷ்டிரர் பாரசீகர்களின் தீர்க்கதரிசி. அவர் பெயரால் வழங்கும் மதத்தின் உலகமுடிவு பற்றி விரிவாகச் சொல்லும் பஹ்லவி (இடைக்காலப் பாரசீக மொழி) நூல்கள் இஸ்லாம் வந்த பிறகு, ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி இன்றைய வடிவத்துக்கு வந்தவை. தானியேலை விட ஆயிரம் வருடம் இளையவை. அப்படியானால் அவற்றிலுள்ள கருத்தும் இளையதா? அங்கே சாட்சிக்குக் கிரேக்கர்களைக் கூப்பிட வேண்டும். அதனால் என் யோசனை: முதலில் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், இரண்டாவது காதைகள், பிறகு பஹ்லவி நூல்கள் இரண்டு: மூன்றாவது புந்தகிஷ்ண், கடைசியில் பஹ்மன் யஷ்ட்.

புளூட்டார்க் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐசிஸ், ஒசைரிஸ் பற்றி எழுதிய நூலில் 46, 47 ஆகிய இரண்டு பத்திகள் போதும். ஒளிக்கு ஒப்பான ஒரோமாசஸ், இருளுக்கு ஒப்பான அரைமானியஸ், நடுவில் மித்ரா என்று மாகிகள் என்ற பாரசீகப் பூசாரிகளின் நம்பிக்கையைச் சொல்கிறார். பிறகு கியோஸ் தீவின் வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ் சொன்னதாக ஒன்றைச் சேர்க்கிறார். மூவாயிரம் ஆண்டு ஒருவர் ஆள்வார், மூவாயிரம் மற்றவர், மேலும் மூவாயிரம் ஆண்டு சண்டை. கடைசியில் இருள் தோற்கும், மனிதர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள், அவர்களுக்குச் சாப்பாடு வேண்டாம், நிழல் விழாது. தியோபொம்பஸ் கி.மு. நான்காம் நூற்றாண்டுக்காரர். தானியேல் நூல் முடிவு பெறுவதற்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தியவர். அந்த ஒரு வரியால், பஹ்லவி நூல் இளையதானாலும் உள்ளே இருக்கும் எலும்பு பழையது என்று தைரியமாகச் சொல்லலாம். எனக்கு இந்த முழுத் துறையிலும் மிகவும் பிடித்த வரி அந்த நிழல்தான். உடல் இருக்கும், வெயிலை மறைக்காது.

காதைகள் ஜரதுஷ்டிரரே பாடியதாகக் கருதப்படும் பாட்டுகள். கடினம். முழுவதும் வேண்டாம், யஸ்னா என்ற வழிபாட்டு நூலின் 30ஆம் அதிகாரமாக வருவதை (யஸ்னா 30) மட்டும் பாருங்கள். ஆதியில் இரண்டு ஆவிகள், இரட்டையர், ஒருவர் நல்லதையும் ஒருவர் கெட்டதையும் தேர்ந்தார்கள் என்கிறது. இரட்டையர் என்பதற்கு அங்கே உள்ள சொல் சமஸ்கிருத 'யம'வுக்கு உறவு. நம் செய்யுளில் சொல் இரட்டித்து வரும் மடக்குக்கு யமகம் என்று பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு சின்ன வசதி உண்டு. அகுரா என்றதும் அசுரன், தைவா என்றதும் தேவன் என்று காது பிடித்துக்கொள்ளும். அங்கே அசுரன் நல்லவர், தேவன் கெட்டவர் என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

புந்தகிஷ்ணில் உலகமுடிவு அதிகாரம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் படியுங்கள். சவோஷ்யந்த் என்ற மீட்பர் செத்தவர்களை எழுப்புகிறார். முதல் மனிதன் கயோமார்த்தின் எலும்பு முதலில் எழுகிறது. எல்லோரும் எழுந்து ஒரே இடத்தில் கூடுகிறார்கள். பிறகு மலைகளில் உள்ள உலோகம் உருகி ஆறாக ஓடுகிறது, ஒவ்வொருவரும் அதற்குள் நடந்தாக வேண்டும். நல்லவனுக்கு அது வெதுவெதுப்பான பாலில் நடப்பது போல. கெட்டவனுக்கு உருகிய உலோகமாகவே இருக்கும். உருகிய உலோகத்தால் சோதிப்பது காதைகளிலேயே வருகிறது, ஆக இதுவும் பிற்காலக் கற்பனை மட்டும் இல்லை.

பஹ்மன் யஷ்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதில் ஜரதுஷ்டிரர் நான்கு கிளை உள்ள ஒரு மரத்தைக் காண்கிறார்: பொன், வெள்ளி, எஃகு, கலப்பு இரும்பு. தானியேலின் சிலை உடனே கண்முன் வரும். 'பார்த்தீர்களா, இங்கிருந்துதான் எடுத்தார்கள்' என்று கத்தத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தானியேல் 11க்குச் செய்ததையே இங்கேயும் செய்யுங்கள். எஃகுக் கிளை குஸ்ரோ அனுஷிர்வானின் ஆட்சி என்று நூலே விளக்குகிறது. அவர் கி.பி. 531 முதல் 579 வரை ஆண்டவர். கலப்பு இரும்பு, தலைவிரி கோலமாக வரும் பகைவர்களின் காலம். ஆக, இன்றைய வடிவம் ஆறாம் நூற்றாண்டுக்குப் பிந்தியது. மரமும் நான்கு உலோகமும் அதற்கு எவ்வளவு முந்தியவை என்பதில் அறிஞர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். போதாததற்கு, கிரேக்கத்தில் ஹெசியோட் என்ற கவிஞர் கி.மு. 700ஐ ஒட்டியே பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று மனித இனங்களைப் பாடியிருக்கிறார்.

ஒரு வேண்டுகோள். இந்த நூல்கள் காட்சிக்கூடப் பொருள்கள் இல்லை. பார்சிகள் இன்றும் இவற்றை ஓதி வழிபடுகிறார்கள். சென்னை ராயபுரத்தில்கூட 1910ல் கட்டிய அவர்களுடைய அக்கினி ஆலயம் இருக்கிறது. அந்த மரியாதையோடு பேசுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது

யூதர்கள் இருநூறு ஆண்டு பாரசீக ஆட்சியில் இருந்தார்கள். அது அவர்களுக்குக் கசப்பான காலம் இல்லை. ஏசாயா 45 கோரேசை கடவுளின் அபிஷேகம் பெற்றவன் என்றே அழைக்கிறது. ஆகவே கருத்துகள் போய்வர வாசல் திறந்தே இருந்தது. நேரடித் தடயம் ஒன்று வேண்டுமானால் தோபித்து நூலைப் பாருங்கள். சாராவின் ஏழு கணவர்களைக் கொன்ற பேயின் பெயர் அஸ்மோதேயுஸ். அது ஜரதுஷ்டிர மதத்தின் வேதமான அவெஸ்தாவில் வரும் கோபத்தின் பேய் 'அயெஷ்ம தைவா' என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பஹ்மன் யஷ்டில் வரும் தலைவிரி கோலக்காரர்களும் அந்தக் கோபப் பேயின் வித்து என்றுதான் சொல்லப்படுகிறார்கள்.

ஒற்றுமையைக் குறித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வேற்றுமையை எழுதுவது என் பழக்கம், உங்களுக்கும் அதையே சொல்வேன். கும்ரான் குகைகளில் கிடைத்த, ஒரு யூதச் சமூகத்தின் ஒழுங்கு நூல் உண்மையின் ஆவி, பொய்யின் ஆவி என்று இரண்டைச் சொல்கிறது. யஸ்னா 30ஐப் படித்தவருக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் கும்ரானில் இரண்டு ஆவிகளையும் படைத்தவர் ஒரே கடவுள். இன்னொன்று: தானியேல் 7ல் சிம்மாசனத்திலிருந்து நெருப்பு ஆறு ஓடுகிறது, மிருகம் எரிக்கப்படுகிறது. புந்தகிஷ்ணின் உலோக ஆற்றில் கெட்டவனும் நடந்து, வலித்து, கடைசியில் சுத்தமாகி வெளியே வருகிறான். ஒன்று பிரிக்கிறது, மற்றது கழுவுகிறது. யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற கேள்வியை விட இந்த வேற்றுமை எனக்குப் பெரியதாகப் படுகிறது.

ரோம் பயந்த புத்தகங்கள்

ரோமர்களுக்கு ஆரூடம் அரசாங்க விஷயம். சிபில் என்ற தீர்க்கதரிசினியின் பெயரில் இருந்த கிரேக்க ஏடுகளை யூப்பிட்டர் ஆலயத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். கி.மு. 83ல் அந்த ஆலயத்தோடு அவை எரிந்தன, பல ஊர்களிலிருந்து மறுபடி சேகரித்தார்கள். கி.மு. 12ல் தலைமைப் பூசாரியான அகஸ்டஸ், ஊரில் புழங்கிய ஆரூட நூல்களில் இரண்டாயிரத்துக்கு மேல் திரட்டி எரித்தார். சிபிலின் ஏடுகளில் தேர்ந்தவற்றை மட்டும் அப்பல்லோ சிலையின் பீடத்துக்கு அடியில் பொன் பூசிய பேழைகளில் வைத்தார்.

இன்று 'சிபில் ஆரூடங்கள்' என்று கிடைப்பவை அந்த அரசாங்க ஏடுகள் இல்லை. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இவை யூதர்களும் பின்னால் கிறிஸ்தவர்களும் சிபிலின் குரலில், ஹோமரின் யாப்பில் எழுதிய பன்னிரண்டு நூல்கள். நான்காவது நூலில் தொடங்குங்கள், சின்னது. அசீரியர், மேதியர், பாரசீகர், மாசிடோனியர் என்று நம் பழைய ஏணியே வரும். பிறகு ரோம் எருசலேமை அழிக்கும், இத்தாலியில் பூமி பிளந்து நெருப்பு வானத்தை எட்டும் என்கிறது. கி.பி. 79ல் வெசுவியஸ் வெடித்ததை, ஆலயத்தை எரித்ததற்கு வந்த தண்டனையாக ஒருவர் பார்த்திருக்கிறார். நீரோ சாகவில்லை, யூப்ரடிஸுக்கு அப்பால் ஓடிப்போனான், படையோடு திரும்புவான் என்ற வதந்தியும் அதில் உண்டு. அந்த வதந்தியை நம்பி நிஜமாகவே போலி நீரோக்கள் கிளம்பினார்கள், ஒருவனுக்கு அன்று ஈரானை ஆண்ட பார்த்தியர்கள் ஆதரவு கொடுத்தார்கள். கிழக்கிலிருந்து ஒரு அரசன் வந்து ரோமைக் கவிழ்ப்பான் என்பது அன்று வெறும் கனவு இல்லை. எல்லைக்கு அப்பால் குதிரைப் படையோடு பார்த்தியப் பேரரசு நின்றுகொண்டிருந்தது.

பாரசீகப் பெயரில் வந்தது ஹிஸ்டாஸ்பெஸின் ஆரூடம். ஹிஸ்டாஸ்பெஸ் என்பது ஜரதுஷ்டிரரை ஆதரித்த விஷ்டாஸ்ப அரசரின் கிரேக்க வடிவம். நூல் தொலைந்துவிட்டது, மேற்கோள்கள் மட்டும் மிஞ்சின. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் லக்டான்ஷியஸ் சொல்கிறார்: இந்தப் பழைய மேதிய அரசன் ஒரு கனவு கண்டான், ஒரு சிறுவன் அதை விளக்கினான், ரோமின் ஆட்சியும் பெயரும் உலகிலிருந்து எடுக்கப்படும் என்று ட்ரோய் இனம் தோன்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டான். இப்போது ஹைடாஸ்பெஸ் என்கிற ஆற்றுக்கு அவனிடமிருந்துதான் பெயர் வந்தது என்றும் சேர்க்கிறார். நம் ஜீலம் நதியைத்தான் சொல்கிறார். உண்மையில் அது விதஸ்தா என்ற பெயரின் கிரேக்க உருவம். இந்த ஆரூடம் ஈரானியர் எழுதியதா, யூதர் ஒருவர் ஈரானிய முகமூடியில் எழுதியதா என்று இன்றும் வாதம் ஓடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின், ஹிஸ்டாஸ்பெஸையோ சிபிலையோ தீர்க்கதரிசிகளையோ படிப்பவர்களுக்கு மரண தண்டனை என்று விதித்திருக்கிறார்கள் என எழுதினார். மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்கிறார் பாருங்கள்.

கடைசியாக ஜோசிபஸும் எஸ்றாவும்

ஜோசிபஸ் ரோமோடு போரிட்டுப் பிடிபட்டு, பிறகு ரோமப் பேரரசரின் ஆதரவில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர். யூதப் போர் பற்றிய அவர் நூலின் ஆறாம் புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். அதில் அனனியாவின் மகன் இயேசு என்ற நாட்டுப்புறத்தான் வருகிறான், நாசரேத்து இயேசு இல்லை. போருக்கு நான்கு ஆண்டு முன்பு, ஊர் அமைதியாக இருந்தபோது, கூடாரப் பண்டிகையில் கத்தத் தொடங்கினான்: 'கிழக்கிலிருந்து ஒரு குரல், மேற்கிலிருந்து ஒரு குரல், நான்கு காற்றிலிருந்தும் ஒரு குரல்!' பிடித்து அடித்தார்கள். ரோம ஆளுநர் அல்பினஸ் எலும்பு தெரியும்வரை சவுக்கால் அடிக்க வைத்தார். அவன் அழவில்லை. ஒவ்வோர் அடிக்கும் 'எருசலேமுக்கு ஐயோ' என்று மட்டும் சொன்னான். அடித்தவனைத் திட்டவில்லை, சாப்பாடு கொடுத்தவனுக்கு நன்றி சொல்லவில்லை. ஏழு ஆண்டு ஐந்து மாதம் இதையே கத்தினான். முற்றுகையின்போது மதில்மேல் சுற்றி வந்து கத்தியவன், கடைசியாக 'எனக்கும் ஐயோ' என்று சேர்த்தான். எறிபொறியிலிருந்து வந்த கல் அவனை அங்கேயே கொன்றது. இந்த ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த வெளிப்பாட்டு நூலும் வெறும் புதிராகத் தெரியாது.

அதே ஆறாம் புத்தகத்தில், இந்த நாட்டிலிருந்து ஒருவன் உலகை ஆள்வான் என்ற ஆரூடம் யூதர்களைப் போருக்குத் தூண்டியது என்று சொல்லிவிட்டு, அது யூதேயாவில் பேரரசராக அறிவிக்கப்பட்ட வெஸ்பாசியனைத்தான் குறித்தது என்கிறார் ஜோசிபஸ். வேறு வழி அவருக்கு இல்லை. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் இதே விளக்கத்தைத் தருகிறார்.

இனி ஒரே மாலையில் இரண்டு இடங்களைப் படியுங்கள். முதலாவது ஜோசிபஸ் கி.பி. 93ஐ ஒட்டி ரோமில் முடித்த யூதர் வரலாற்றின் பத்தாம் புத்தகம். தானியேலின் சிலையை உலோகம் உலோகமாக விளக்கிக்கொண்டு வருகிறார். கல்லுக்கு வந்ததும் நிற்கிறார். நடந்ததை எழுதுவது என் வேலை, நடக்கப்போவதை இல்லை, வேண்டுமானால் தானியேலையே படித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிவிடுகிறார்.

இரண்டாவது, அநேகமாக அதே பத்தாண்டுகளில் யாரோ ஒரு யூதர் எஸ்றாவின் பெயரில் எழுதிய நூல். எபிரேய மூலம் தொலைந்து லத்தீனிலும் சிரியாக்கிலும் பிழைத்தது, நான்காம் எஸ்றா என்பார்கள். அதன் 11, 12ஆம் அதிகாரங்களில் பன்னிரண்டு சிறகும் மூன்று தலையும் கொண்ட கழுகு கடலிலிருந்து வருகிறது. உன் சகோதரன் தானியேலுக்குக் காட்டிய நான்காம் அரசு இதுதான், ஆனால் உனக்கு விளக்குவது போல அவனுக்கு விளக்கவில்லை என்கிறது குரல். கிரேக்கம் இருந்த இடத்தில் இப்போது ரோமின் கழுகு உட்கார்ந்துவிட்டது. அப்படியே 13ஆம் அதிகாரத்துக்குப் போங்கள், 36ஆம் வசனம். கைகளால் பெயர்க்கப்படாத அந்த மலை எது என்று ஜோசிபஸ் சொல்லாமல் விட்டதை இவர் சொல்கிறார்: சீயோன்.